தாகம் எடுக்காதவள்

கொளஞ்சியம்மாளுக்குத் தாகமே எடுக்காது என்று களை வெட்டப் போகிற பெண்களுக்குள் வெகுகாலமாக ஒரு பேச்சு. சித்திரை வெயிலில் கரும்பில் காய்ந்த சோகையை உரிக்கிறபோது, மற்றவர்களெல்லாம் நாக்கு வறண்டு வரப்பையே பார்த்துக்கொண்டிருக்க, இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள். "இவ வவுத்துக்குள்ள கோமுகி அணையே கீதுடி," என்பாள் செவ்வந்தி. ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள் செவ்வந்திதான் என்பதால் அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். கொளஞ்சியும் சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

பொய். சுத்தப் பொய். தாகம் எடுக்காத உடம்பு உலகத்தில் எங்கே இருக்கிறது? சாயங்காலம் காலனிக்குத் திரும்பியதும் களைவெட்டியைப் போட்ட கையோடு பானையைத் திறந்து, நின்றபடியே சொம்பு சொம்பாக மொண்டு குடிப்பாள். மூச்சு விடமாட்டாள். மடக் மடக்கென்று தொண்டை சத்தம் போடும், மோவாயில் வழியும். மகள் தேவதர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்காரன் பிச்சைமுத்து மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே வார்த்தையைச் சொல்லுவான்: "மெதுவா குடி, பொறையேறப் போவுது."

அவள் பிறந்தது கல்வராயன் மலையடிவாரத்தில். அங்கே தாகமெடுத்தால் ஓடையில் குப்புறப் படுத்து வாயை வைத்து உறிஞ்ச வேண்டியதுதான். யாரும் ஊற்றவும் வேண்டாம், யாரிடமும் ஏந்தவும் வேண்டாம். ஏந்திக் குடிக்கிற வித்தை தெரியாமலேயே கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். வந்த புதுசிலேயே பெரிய வீட்டுக் கழனியில் வேலை.

பெரிய வீட்டில் ஒரு முறை இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. காலனி ஆட்கள் மாட்டுக்கொட்டகையைத் தாண்டி வரக்கூடாது. தாகமெடுத்தால் அங்கேயே குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு அம்மாள் ஜெயம்மாள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். சொம்பில் கை படக்கூடாது. பழகியவர்கள் ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துவிடுவார்கள். இப்போதெல்லாம் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் கூலிக்கு அங்கே போய்ப் பார்க்கலாம்.

கொளஞ்சிக்கு அது தெரியாது. ஜெயம்மாள் சொம்போடு வந்ததும், சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் வாங்குகிற மாதிரி இயல்பாகக் கையை நீட்டிவிட்டாள். விரல் சொம்பில் பட்டது. ஜெயம்மாள் வெடுக்கென்று இழுத்த இழுப்பில் தண்ணீர் முழுக்கக் கொளஞ்சியின் மார்பில் கொட்டியது. கரும்புக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் சிரித்தான். ஜெயம்மாள் திட்டக்கூட இல்லை. புதுப் பெண், தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கடி என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, அங்கேயே சொம்பைப் போட்டுப் புளியும் சாம்பலுமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். ஈரச் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்க, கொளஞ்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பளபளவென்று இருந்த சொம்பை அந்த அம்மாள் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். என் விரலில் அப்படி என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது.  அந்த வீட்டுத் தண்ணீர் அதற்கப்புறம் அவள் தொண்டையில் இறங்கியதே இல்லை.

சரி, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோனால் என்ன என்று கேட்பீர்கள். அவளுக்கும் மூளை இருக்கிறது, கொண்டுபோகாமலா இருந்தாள்? ஜெயம்மாள் அந்த பாட்டிலை ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏன் கொளஞ்சி, எங்க வூட்டுத் தண்ணியில வெஷமா கலந்து வெச்சிக்கிறோம்?"

அந்த மாதம் முழுக்க அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. செவ்வந்தி வந்து, பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு வராதேடி, என் பிழைப்பும் சேர்ந்து போய்விடும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மோட்டார் கொட்டகைக் குழாயைத் தொட்டாலும் குற்றம். அவர்கள் தண்ணீரைக் குடித்தால் இவள் மானம் போகிறது, தன் தண்ணீரைக் குடித்தால் அவர்கள் மானம் போகிறது. இரண்டுக்கும் நடுவில் கொளஞ்சி கண்டுபிடித்த வழி, குடிக்காமலே இருப்பது. யாருக்கும் நஷ்டமில்லை பாருங்கள்.

தண்ணீருக்குக் கூப்பிட்டால் தாகமில்லை என்பாள், நாளடைவில் அதுவே பேச்சாகிவிட்டது. உண்மைக் காரணத்தை வாய்விட்டுச் சொன்னது பிச்சைமுத்துவிடம் மட்டும்தான். "குனிஞ்சி ஒரு வாய் குடிச்சிட்டு வர்றதுல இன்னா கொறஞ்சி பூடும்? நாங்கள்லாம் குடிக்கல?" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தான். அவள் அவனையே பார்த்தாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் குடிக்காமலிருப்பதில் அவனுக்கும் சேர்த்து ஏதோ ஒன்று காப்பாற்றப்படுகிற மாதிரி அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மகளிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை. அம்மாவுக்குத் தாகமே எடுக்காதாம் என்று பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை பீற்றிக்கொண்டு திரிந்தது.

உடம்பு அப்படி லேசில் ஏமாறுமா? வருஷங்கள் போகப்போக நீர் பிரியும்போது எரிச்சல் வந்தது. பிறகு விலாவுக்குக் கீழே குத்தல். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வலி தாங்காமல் ஒரு நாள் டவுனில் ரோட்டு மேல் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனாள். அந்த டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். ஊரா, காலனியா என்று அடுத்த கேள்வி. அதையும் சொன்னதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். கதவோரமாகவே நிற்கச் சொல்லி, கையைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் சீட்டு எழுதினார். "ஒழுங்கா குளிக்கறதில்ல, தண்ணி குடிக்கறதில்ல. நோவு வந்தா மட்டும் ஓடி வந்துடுவீங்க," என்றார் எழுதிக்கொண்டே. மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் சிரித்தான். தேய்த்துக் குளித்து, இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள் பாவி மகள்.

அந்த ஆள் சிரித்த சிரிப்பில் பழைய சிரிப்பு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்த டாக்டர் வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று அவள் யாரிடமும் சபதம் செய்யவில்லை, மிதிக்கவில்லை அவ்வளவுதான். மறுபடியும் வலி மாத்திரை. காலையில் ஒன்று, உச்சிப்பொழுதில் ஒன்று, வெறுந்தொண்டையில் முழுங்குவாள். சிறுநீரகத்தில் மிச்சமிருந்ததையும் அந்த மாத்திரைதான் தின்று தீர்த்தது என்று பின்னால் தெரிந்தது.

கால் வீங்கி, முகம் வீங்கி, செருப்பு நுழையாமல் போனபோதுதான் தேவதர்ஷினி அம்மாவை வலுக்கட்டாயமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கடை. நாள் முழுக்க நிற்க வேண்டும்தான், ஆனால் குளிர்ந்த தண்ணீர் வருகிற குழாய் இருந்தது. யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம்.

ஆஸ்பத்திரியில் கொளஞ்சி பழக்கப்படி கதவோரமாக நின்றாள். உள்ளே இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. பெயர் ஏஞ்சலின்.

"ஏன் அங்கயே நிக்கறீங்க? வாங்கம்மா, உக்காருங்க."

யாரைச் சொல்கிறார் என்று கொளஞ்சி பின்னால் திரும்பிப் பார்த்தாள். பெரிய வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளைகூட அவளை வாடி கொளஞ்சி, போடி கொளஞ்சி என்றுதான் கூப்பிடும். டாக்டரம்மா எழுந்து வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குனிந்து, வீங்கின காலை வெறுங்கையால் பிடித்து அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. வலிக்கிறதா என்று கேட்டார். கொளஞ்சிக்கு அழுகை வந்துவிட்டது. வலியினால் இல்லை.

வேலை செய்கிற இடத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். குடிக்கமாட்டேன் என்றாள். ஏன்ம்மா என்றார். திட்டுகிற ஏன் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டுமென்கிற ஏன். இருபது வருஷத்துக்கு மேல் ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. கொளஞ்சி எல்லாவற்றையும் சொன்னாள். சொம்பு, மார்பில் கொட்டின தண்ணீர், சிரித்த ஆள், புளி, சாம்பல், பாட்டில், கிளினிக். நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு நாற்காலியும் ஒரு 'ங்க'வும் கொடுத்ததும் வெளியே வந்த பேச்சு இது. அந்த டவுன் டாக்டர் அன்றைக்கு இதே மாதிரி உட்காரவைத்துக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அப்போது சிறுநீரகத்தில் பாதிக்கு மேல் உயிர் இருந்திருக்கும்.

பக்கத்தில் தேவதர்ஷினி நின்றுகொண்டிருந்தாள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் கொளஞ்சிக்கு உறைத்தது. மகளின் முகம் கல்லாகிப் போயிருந்தது.

டாக்டர் ஏஞ்சலின் மறைக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது, திரும்ப வராது, இனிமேல் வாரத்தில் இரண்டு நாள் மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். உடம்பில் சேருகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது. கஞ்சி, டீ, மாத்திரைக்கு வாயில் ஊற்றுவது, எல்லாம் சேர்த்து.

கொளஞ்சி தலையாட்டினாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் அவளாக மூடி வைத்திருந்த வாயை இப்போது டாக்டரே மூடச் சொல்லிவிட்டார்.

வீட்டில் பிச்சைமுத்து கத்தினான். ஒரு வாய் தண்ணீரில் என்னடி மானம், என் பேச்சைக் கேட்டியா என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பின்பக்கம் போய் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான். கட்டு ஏற்றி ஏற்றி முதுகு போனவன், அவனால் முன்னைப்போல் வேலைக்கும் போக முடியாது. மிஷினுக்கு அழைத்துப்போக வாரத்தில் இரண்டு நாள் துணை வேண்டும். ஜவுளிக்கடையில் அப்படி லீவு தரமாட்டார்கள். தேவதர்ஷினி கடையை விட்டாள். செவ்வந்தியின் ஆட்களோடு சேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் எந்நாளும் வேலை இருந்தது பெரிய வீட்டுக் கழனியில்தான்.

முதல் நாள் கொளஞ்சி அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினாள். சாயங்காலம் திரும்பி வந்த பெண்ணின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். ஒரு வாரத்தில் அந்தப் பெண் நீர் பிரியப் போய்விட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த நடை கொளஞ்சிக்குத் தெரியும்.

"எரியுதா?" என்றாள்.

"இல்லம்மா."

"அவங்க எப்புடி ஊத்தினாலும் குடி கண்ணு. கண்ண மூடிக்கினு குடிச்சிடு."

தேவதர்ஷினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ குடிச்சியா?" என்றாள்.

 குடிக்காததால்தான்டி இப்படிக் கிடக்கிறேன் என்று கொளஞ்சி சொன்னாள், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். ஆனால் சொல்லச்சொல்ல அவளுக்கே வாய் கூசியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து, போய் ஏந்தி நில் என்று சொல்லுகிற வாய் என்ன வாய்? அதற்காகச் சொல்லாமலும் இருக்க முடியுமா? ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வாயைத் திறக்காமலிருந்திருந்தால், அம்மாவுக்குத் தாகமே எடுக்காது என்று நம்பிக்கொண்டு இந்தப் பெண் மற்றவர்களைப்போலக் குனிந்து குடித்துவிட்டுப் போயிருக்கும். ஒரே ஒரு நாள் மனுஷியாக நடத்தினார்கள் என்று மனசைத் திறந்தது இப்படி வந்து முடிந்தது.

யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, மிஷினுக்குப் போகாத ஒரு நாள், வீங்கின காலை இழுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்தாள். வழக்கம்போல மாட்டுக்கொட்டகைப் பக்கமாகப் போய் நின்று குரல் கொடுத்தாள்.

ஜெயம்மாள் கெட்டவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்த்ததும் பதறித்தான் போனாள். எப்படி இருந்த உடம்பு, இப்படி ஊதிக் கிடக்கிறாயே என்று உச்சுக்கொட்டினாள். உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து வந்து கல் மேல் வைத்தாள். செலவுக்கு வேண்டுமானால் கேள் என்றாள். கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்க வந்தேன் என்றாள்.

"எம்பொண்ணுக்கு டம்ளர்ல தண்ணி குடுங்கம்மா. கையில குடுங்க. அவ குடிக்காமலே கெடக்கறா."

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகமாக இருந்தது.

"நான் ஒரு நாளாச்சும் உனக்குத் தண்ணி இல்லன்னு சொல்லிக்கிறனா? நீயா குடிக்காம உடம்பக் கெடுத்துக்கினு, இப்ப எம்மேல பழி போடறியே."

அவள் சொன்னதில் பொய்யே இல்லை. ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னவள் கிடையாது. வெயில் நேரத்தில் சொம்போடு அவளாகவேகூட வருவாள். கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாங்கம்மா என்றாள். மகளுக்காக அதையும் சொன்னாள்.  ஜெயம்மாள் மனமிறங்கி, சரி, உன் பெண்ணுக்காக ஒரு ஏற்பாடு செய்கிறேன் என்றாள். உள்ளே தேடி ஒரு பழைய பிளாஸ்டிக் குவளையைக் கொண்டுவந்து, மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் ஆணியடித்து மாட்டச் சொன்னாள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில். அந்தக் குவளையில் ஊற்றுவேன், குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே மாட்டிவிட வேண்டும், வேறு எவளுக்கும் நான் இதைச் செய்யமாட்டேன், ஊரில் என்னைத்தான் பேசுவார்கள் என்றாள்.

கொளஞ்சி அந்த அம்மாளைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். குவளை குவளைதான். கையில் பிடித்துக் குடிக்கலாம். குனிய வேண்டாம், மார்பில் கொட்டாது, யாரும் சிரிக்கமாட்டார்கள். தண்ணீர் உள்ளே போனால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இரவு மகளிடம் சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டாள். வாழைப்பழத்தை மட்டும் தொடவில்லை.

மறுநாள் வெயில் கொளுத்தியது. கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து காலையிலிருந்து அந்தக் குவளையையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் சோகை உரித்துக்கொண்டிருப்பாள், இந்நேரம் தண்ணீருக்குக் கூப்பிட்டிருப்பார்கள், இந்நேரம் கையில் வாங்கியிருப்பாள். பொழுது சாய்ந்ததும் முதலில் வந்தது செவ்வந்தி. தெருவில் போகிற போக்கில் நின்று, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மா குவளையில ஊத்தி வெச்சிக்கினு கூப்புட்டுது. ஒம்பொண்ணு எனக்குத் தாகமே எடுக்கலன்னுட்டா. அப்புடியே ஒன்ன உரிச்சி வெச்சிக்கிறாடி."

நல்லதைச் சொல்லுகிற நினைப்பில்தான் சொன்னாள். இது பழைய கிண்டல், எல்லோரும் சிரித்துப் பழகினது. கொளஞ்சிக்கு இந்தத் தடவை சிரிக்க வாய் வரவில்லை.

தேவதர்ஷினி வந்தாள். முகம் கன்றி, உதட்டில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. களைவெட்டியைச் சுவரோரம் போட்டுவிட்டு நேராகப் பானைக்குப் போய், மூடியைத் தள்ளி, நின்றபடியே சொம்பை வாயில் சாய்த்தாள். மடக் மடக்கென்று தொண்டை சத்தம் போட்டது. பிச்சைமுத்து வாயைத் திறந்தான். பொறையேறப் போவுது என்று சொல்ல வந்திருப்பான். சொல்லாமலே வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

கொளஞ்சி சுவரைப் பிடித்து எழுந்து பானைக்குப் போனாள். மகள் கையிலிருந்த காலிச் சொம்பை வாங்கி, நிறைய மொண்டு, அவள் கையிலேயே கொடுத்தாள். அந்தப் பெண் அதையும் வாங்கி மூச்சு விடாமல் குடித்தது. கொளஞ்சிக்குத் தொண்டை வறண்டு எச்சில்கூட இறங்கவில்லை. அவளுடைய அரை லிட்டர் மத்தியானமே தீர்ந்துபோயிருந்தது.